ஈயமும் இரப்பரும் எழுத்தும்: பழங்கணினிகளைப் பேணுவதன் வரலாற்றுத் தேவை

பேராக் மாநிலத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நினைவுகூரும் பொருள்கள் இரண்டு. ஒன்று ஈயம்; மற்றொன்று இரப்பர். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் ஈப்போ நகரை எழுப்பியது. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பெற்ற இரப்பர்க் கன்றுகளுள் ஒன்று பெருமரமாகி இன்றும் அந்நகரின் மாவட்ட அலுவலகத்தருகே நிற்கின்றது. இவ்விரு பொருள்களுக்காகவும் கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்களே நம்முள் பலர்.

ஈயமும் இரப்பரும் மண்ணிலும் மரத்திலும் நின்றுவிடவில்லை. எழுதும் கருவிகளுக்குள்ளும் புகுந்தன. தட்டச்சுப் பொறியில் தாளைத் தாங்கிச் சுழலும் உருளை இரப்பரால் போர்த்தப்பட்டது. கணினியின் சுற்றுப்பலகையில் உறுப்புகளைப் பிணைக்கும் பற்றாசு, நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் வெள்ளீயம் கலந்த உலோகமாகவே நெடுங்காலம் இருந்தது. நம் மாநிலம் உலகுக்கு அளித்த இருபொருள்களும் எழுத்துக் கருவிகளாக உருமாறி, மீண்டும் நம் தோட்ட அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தன. அக்கருவிகள் இன்று பண்டக அறைகளில் தூசு படிந்து கிடக்கின்றன. அல்லது பழைய சாமான் வாங்குவோரிடம் எடைக்குப் போய்ச் சேர்கின்றன.

பழங்கணினிகளைத் தேடிச் சேர்ப்பதும், பழுது நீக்கி இயங்கச் செய்வதும், இயங்குவதைக் கண்டு மகிழ்வதும் இன்று உலகின் பல நாடுகளில் வளர்ந்துள்ள ஒரு பொழுதுபோக்கு. அதனை விளையாட்டாகக் கருதி ஒதுக்குவோர் உண்டு. தமிழைப் பொறுத்தவரை அது வரலாற்றுப் பணி என்பதும், அப்பணிக்கு எஞ்சியிருக்கும் காலம் மிகக் குறுகியது என்பதுமே இவ்வுரையில் நாம் நிறுவ முற்படும் கருத்துகள்.

1. மலாயாவில் பிறந்த எண்ணம்

தமிழ்க் கணினியின் வரலாற்றைத் திரையிலிருந்து தொடங்குவது வழக்கம். தட்டச்சுப் பொறியிலிருந்து தொடங்குவதே முறையாகும். அவ்வாறு தொடங்கின் முதல் அதிகாரமே மலாயாவோடு தொடர்புற்று அமையும்.

தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் எனப் போற்றப்படும் இரா. முத்தையா, 1886ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1907இல் மலாயாவுக்கு வந்து, முதலில் இரயில்வேயிலும் பின்னர் ஒரு வணிக நிறுவனத்திலும் எழுத்தராகப் பணியாற்றினார். தலைமை எழுத்தராக உயர்ந்து, 1930 வரை அந்நிறுவனத்தில் இருந்தார். அக்கால மலாயாவின் அலுவலகங்களில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தர்களாக இருந்தனர். அவர்கள் நாள்தோறும் கையாண்ட பொறியோ ஆங்கிலம் மட்டுமே அறிந்தது. பிறர் மொழியைத் தட்டும் விரல்கள் தம் மொழியை ஏன் தட்டக்கூடாது என்ற வினா அச்சூழலில் எழுந்தது இயல்பேயாகும்.

வினா எளிது, விடை அரிது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள். தமிழுக்கோ உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எனக் கூட்டினால் 247. அத்தனைக்கும் விசை அமைத்தல் இயலாது. முத்தையா கண்ட வழி, எழுத்துகளைப் பகுத்து நோக்குவதாக அமைந்தது. பல எழுத்துகளுக்குப் பொதுவான குறிகளைத் தனியே பிரித்தார். புள்ளி, இகரக் குறி முதலியன மெய்யின் தலைமீது அமைய வேண்டியவை. அவற்றைத் தட்டும்போது தாளைத் தாங்கிய ஊர்தி நகராமல் நிற்கும்; அடுத்துத் தட்டும் எழுத்து அக்குறியின் கீழே வந்து பதியும். இதனையே நகரா விசை என்றனர். பொறிகள் ஜெர்மனியில் செய்யப்பட்டன.

இங்கு மாணவர்கள் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. கையால் எழுதுங்கால் நாம் மெய்யின் உருவை முதலில் வரைந்து பின்னர்ப் புள்ளியிடுகின்றோம். தட்டச்சுப் பொறியிலோ புள்ளி முந்தும், எழுத்து பிந்தும். பொறி தன் இயல்புக்கேற்ப எழுதும் வரிசையையே மாற்றியது. ஒரு தலைமுறைத் தட்டச்சர்களின் விரல்கள் அவ்வரிசையில் பழகின. இதனை நூலில் படித்து அறிதல் ஒன்று. பழைய பொறியொன்றின் முன் அமர்ந்து, புள்ளியைத் தட்டியபின் ஊர்தி நகராமல் நிற்பதைக் கண்ணால் காணுதல் வேறொன்று. பின்னதையே நாம் பேணல் என்கின்றோம்.

எழுத்துச் சீர்திருத்தத்தின் சுவடும் பொறிகளில் உண்டு. 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் பழைய தனிவடிவங்களை விடுத்து, பொதுக் குறிகளால் எழுதும் முறையை ஏற்றது. பின்னர் சிங்கப்பூரும் மலேசியாவும் அதனைப் பின்பற்றின. ஆகவே ஒரு தட்டச்சுப் பொறியில் ஐகாரம் துதிக்கை வடிவில் பதிகின்றதா, இணைக்கொம்பாகப் பதிகின்றதா என்பதைக் கொண்டு அதன் காலத்தை ஒருவாறு மதிப்பிடலாம். கல்வெட்டு ஆய்வாளர் எழுத்தின் வடிவுகொண்டு காலம் கணிப்பதற்கு ஒப்பானது இது.

2. சதுரத்துள் அடங்காத எழுத்து

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் ஒருநிறத் திரையில் 25 வரிகள். வரிக்கு 80 இடங்கள். ஒவ்வோர் இடமும் 9 புள்ளி அகலமும் 14 புள்ளி உயரமும் உடைய ஒரு சிறு கட்டம். எழுத்துகளின் வடிவங்கள் அழிக்க இயலாத நினைவகச் சில்லு ஒன்றில் முன்னரே பதிக்கப்பட்டிருந்தன. கணினி 65 என்ற எண்ணை அனுப்பினால் அச்சில்லு ஆங்கிலத்தின் முதற் பெரிய எழுத்தை வரைந்து காட்டும். வேறெதையும் வரைய அதற்குத் தெரியாது.

அக்கட்டத்துள் ரகரத்தை அடக்கலாம். மூன்று சுழி ணகரத்தை எவ்வாறு அடக்குவது? ஞகரத்துக்கும் ஔகாரத்துக்கும் 9 புள்ளி அகலம் எங்ஙனம் போதும்? ஒன்று, சில்லையே மாற்றித் தமிழ் வடிவம் பதித்த வேறு சில்லைப் பொருத்த வேண்டும். அன்றேல், கட்டங்களை விடுத்துத் திரை முழுவதையும் ஒரு படமாகக் கொண்டு புள்ளி புள்ளியாக எழுத்தை வரைய வேண்டும்.

இவ்விடர் தமிழுக்கு மட்டும் உரியதன்று. தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல் என்பவர் தம் ஆய்வேட்டைத் தம் நாட்டு எழுத்தில் கணினியில் எழுத விரும்பினார். ஐபிஎம் கணினி இடந்தரவில்லை. ஆகவே 1982இல் தாமே ஒரு திரையட்டையை வடிவமைத்தார். 720 புள்ளி அகலமும் 348 புள்ளி உயரமும் கொண்ட தெளிவான படத்திரையை அது அளித்தது. அதுவே உலகெங்கும் பரவிய ஹெர்குலிஸ் அட்டை. தென்கிழக்காசிய மொழி ஒன்றின் எழுத்துக்காகப் பிறந்த கருவி, உலகக் கணினிகளின் பொதுக் கருவியாயிற்று. பழங்கணினி ஒன்றைத் திறந்து, அவ்வட்டையைக் கையில் ஏந்தும் மாணவனுக்கு இச்செய்தி எத்துணை ஊக்கம் தரும் என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தமிழுக்கான முயற்சிகளும் அக்காலத்தில் பல நாடுகளில் ஒருங்கே முளைத்தன. கனடாவில் வாழ்ந்த முனைவர் சீனிவாசன் 'ஆதமி' என்னும் மென்பொருளை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டளவில் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். அதுவே பின்னர் 'முரசு அஞ்சல்' என வளர்ந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை ஆக்கினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியதில் அவர் உழைப்பு உண்டு. தமிழை மின்னுலகுக்கு ஏற்றிய முன்னோடிகளுள் இத்துணைப் பேர் தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்தோர் என்பதும், அவருள் இருவர் நம் வட்டாரத்தினர் என்பதும் நம் பாடநூல்களில் அழுத்தமாக இடம்பெற வேண்டிய செய்திகள்.

3. 1985: ஒன்று வீழ, மற்றொன்று எழ

அதே 1985ஆம் ஆண்டு பேராக் வரலாற்றில் துயரமான ஆண்டு. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் அனைத்துலக ஈய மன்றத்தின் நிதிநிலை நொறுங்கியது. இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. விலை பாதிக்குக் கீழே சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

தோட்டப்புறங்களிலும் மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. இரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. நகரையடுத்த தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் வெளியேறின. வடக்கே பினாங்கின் பாயான் லெப்பாஸில் இண்டெல் நிறுவனம் 1972இலேயே தொழிற்சாலை திறந்திருந்தது. பின் வந்த பல நிறுவனங்களின் மின்னணுத் தொழிற்சாலைகளில், பால் வெட்டியோரின் பிள்ளைகள் பலர் சீருடை அணிந்து வேலைக்குச் சேர்ந்தனர்.

பழைய கணினி ஒன்றின் மேலுறையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளிருக்கும் சில்லுகள் பலவற்றின் முதுகில் 'மலேசியா' என்ற நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ அக்கணினியைச் சேகரிப்போருக்கு அது ஓர் ஊர்க்குறிப்பு மட்டுமே. நமக்கு அது குடும்ப வரலாறு. தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு நகர்ந்த ஒரு தலைமுறையின் கைச்சுவடு அச்சில்லில் உள்ளது. பால்வாளியும் உளிக்கத்தியும் நம் அருங்காட்சியகங்களில் இடம்பெறுகின்றன. அவற்றை அடுத்து வைக்கத் தகுந்தது இச்சுற்றுப்பலகை.

4. எண்கள் ஒன்று, எழுத்துகள் வேறு

இனி நாம் இவ்வுரையின் மையத்துக்கு வருகின்றோம். பழங்கணினி அழிந்தால் அழிவது பொறி மட்டுமன்று. பொறியில் எழுதப்பட்டதும் அழியும்.

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணையே சேமிக்கின்றது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற உடன்பாடே குறியேற்றம் எனப்படும். 1980களிலும் 1990களிலும் தமிழுக்கு அத்தகைய பொது உடன்பாடு இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வோர் எழுத்துருவும் தத்தமக்கென ஓர் அட்டவணை வகுத்துக்கொண்டன. பாமினி என்னும் புகழ்பெற்ற எழுத்துருவில் ஆங்கிலச் சிற்றெழுத்து 'எம்' இருக்கும் இடத்தில் அகரம் அமர்ந்திருக்கும். ஆகவே அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். இணையவழி ஆர்வலர்கள் கூடி வகுத்த 'திஸ்கி' குறியேற்றத்தில் 171 என்ற எண் அகரத்தைக் குறிக்கும். ஒருங்குறியிலோ அகரத்தின் எண் 2949.

வேறுபாடு எண்ணளவில் நின்றதா எனில், இல்லை. 'கொ' என்னும் ஒரெழுத்தைக் காண்போம். தட்டச்சு மரபைத் தழுவிய பழைய முறைகளில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் மூன்று எண்கள் சேமிக்கப்பட்டன. ஒருங்குறியில் ககரமும் ஒகரக் குறியும் என ஒலிப்பு வரிசையில் இரண்டே எண்கள். எனவே பழைய கோப்பை இன்றைய கோப்பாக்க, எண்ணை எண்ணால் மாற்றினால் போதாது. வரிசையையும் மாற்றியாக வேண்டும். அதற்கு மூல அட்டவணை கையில் இருத்தல் இன்றியமையாதது. அட்டவணை அறியப்படாத எழுத்துருவில் எழுதப்பட்ட கோப்பு, பொருள் விளங்காத குகைக்குறியீடாகவே எஞ்சும்.

இந்நிலை படிப்படியாகச் சீரடைந்தது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடித் தரப்பாட்டை விவாதித்தன. சென்னை மாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' விசைப்பலகை பிறந்தது. 2000ஆம் ஆண்டில் உத்தமம் அமைப்பு உருவாயிற்று. மறு ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. விண்டோஸ் 2000 முதல் ஒருங்குறித் தமிழ் பொதுக் கணினிகளில் இயல்பாகவே கிடைக்கலாயிற்று.

ஆயின் 1985க்கும் 2000க்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 15 ஆண்டுகள் நம் எழுத்து வரலாற்றில் ஓர் இருட்பகுதியாக மாறும் இடர் உள்ளது. அவ்வாண்டுகளில் தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு மலர்கள், ஆலயத் திருப்பணி மலர்கள், இளைஞர் இயக்கங்களின் கூட்டக் குறிப்புகள், சிறுகதைப் போட்டிக்கு வந்த படைப்புகள், தேர்வுத் தாள்கள் எனப் பலவும் கணினியில் கோக்கப்பெற்றன. மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் 1957இல் 888 ஆக இருந்து, இன்று ஏறத்தாழ 530 ஆகக் குறைந்துள்ளன. மாநிலங்களுள் பேராக்கிலேயே அவை மிகுதி. 130க்கு மேற்பட்டவை இங்குள்ளன. தோட்டம் மூடப்பட்டுப் பள்ளி இடம்பெயர்ந்தபோது எவை எடுத்துச் செல்லப்பட்டன, எவை விடப்பட்டன? மேசை நாற்காலிகள் கணக்கில் ஏறின. நெகிழ்வட்டுப் பெட்டி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

நெகிழ்வட்டு சிறிய பொருளன்று. 360 கிலோபைட்டு கொள்ளும் ஐந்தேகால் அங்குல வட்டு ஒன்றில், பக்கத்துக்கு 1,800 குறிகள் என்று கொண்டாலும் 200 பக்கங்கள் அடங்கும். ஒரு வட்டு ஒரு நூல். பத்து வட்டுகள் கொண்ட பெட்டி, மறைந்துபோன ஒரு தோட்டச் சமூகத்தின் நூலகமாகவும் இருக்கக்கூடும்.

5. வெப்பமண்டலம் வகுத்த கெடு

ஓலைச்சுவடிக்குச் செல் பகை. வெப்பமண்டலக் கணினிக்கு ஈரம் பகை. நம் நாட்டின் ஈரக்காற்றில் நெகிழ்வட்டின் மீது பூஞ்சை படரும். வெண்புள்ளிகளாகத் தோன்றும் அப்பூஞ்சையோடு வட்டினை இயக்கியில் செருகினால், படிக்கும் முனை காந்தப் பூச்சையே சுரண்டிவிடும். ஒருமுறை ஆர்வமிகுதியால் செய்யும் அச்செயல் ஓர் ஆவணத்தை நிலையாக அழித்துவிடலாம்.

1980களின் பிற்பகுதியிலும் 1990களின் முற்பகுதியிலும் வந்த தாய்ப்பலகைகள் பலவற்றில் நிக்கல்-காட்மியம் மின்கலம் ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். நாளும் நேரமும் நினைவில் வைத்தலே அதன் தொழில். ஆண்டுகள் செல்ல அது கசியும். கசியும் காரநீர் செம்புத் தடங்களை அரிக்கும். கணினியை எவரும் தொடாமல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று எண்ணுதல் தவறு. தொடாமையே அதனைக் கொல்கின்றது.

மற்றொரு நுட்பமும் உண்டு. அக்காலச் சில்லுகள் சிலவற்றின் நடுவே சிறு கண்ணாடிச் சாளரம் காணப்படும். புறஊதா ஒளியால் அழித்து மீண்டும் பதிப்பதற்காக அமைந்தது அது. அதன்மேல் ஒட்டப்பட்ட சிறு தாள் உரிந்துவிட்டால், வெயில் படப்பட உள்ளிருக்கும் பதிவு நாளடைவில் மங்கும். தமிழ் வடிவங்கள் அத்தகைய சில்லில் பதிக்கப்பட்டிருந்தால், அந்தச் சில்லே ஏடு. அந்தச் சிறு தாளே அதன் உறை.

6. பேணுவோர் கைக்கொள்ளும் நெறி

பழங்கணினி ஆர்வலர்கள் பட்டறிவால் வகுத்துக்கொண்ட நெறி ஒன்று உண்டு. நம் பள்ளிகளும் கழகங்களும் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

கிடைத்தவுடன் மின்னிணைப்புக் கொடுத்தல் ஆகாது. முதலில் நிழற்படம் எடுத்து, கிடைத்த இடத்தையும் பயன்படுத்திய அமைப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் உறையைத் திறந்து, கசிந்த மின்கலம் இருப்பின் அகற்ற வேண்டும். அது காரத்தன்மை உடையதாதலால், வினிகர் போன்ற மென்புளிப்பு நீரால் துடைத்து, பின் ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் தூய்மை செய்து உலர்த்துவர். மின்வழங்கியின் மின்தேக்கிகள் வீங்கியோ வெடித்தோ உள்ளனவா எனக் காண வேண்டும். பழைய கண்ணாடிக் குழாய்த் திரையை மட்டும் மாணவர் திறத்தலாகாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் உயிருக்கு ஊறு செய்யும் மின்னழுத்தம் அதனுள் தங்கியிருக்கும். அது பயிற்சி பெற்றோர்க்கே உரிய பணி.

வட்டுகளைப் பொறுத்தவரை, ஒரே முறை படித்து முழுப்படியெடுத்தல் சிறந்த நெறி. வட்டின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும் சிறு கருவிகள் இன்று குறைந்த விலையில் கிடைக்கின்றன. வட்டினைத் திருத்தவோ அதில் எழுதவோ கூடாது. எழுதுதடையை முதலில் இட்டுவிடல் வேண்டும். கோப்போடு எழுத்துருவையும் விசைப்பலகை மென்பொருளையும் சேர்த்துப் படியெடுத்தாலன்றிப் பயனில்லை. காரணத்தை மேலே கண்டோம்.

வெளிப்புற அழகு குறித்துச் சேகரிப்போரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பழங்கணினிகளின் வெண்ணிற உறை காலப்போக்கில் மஞ்சளிக்கும். ஐதரசன் பெராக்சைடும் புறஊதா ஒளியும் கொண்டு அதனை மீண்டும் வெளுக்கச் செய்வோர் பலர். கண்ணுக்கு இனிய வேலைதான் அது. ஆயினும் வரலாற்று நோக்கில் மஞ்சள் நிறம் குறையன்று. விசைகளின்மேல் கையால் வெட்டி ஒட்டப்பட்ட தமிழெழுத்துத் துண்டுகள் இருப்பின், அவற்றை அழுக்கென்று உரித்துவிடல் பெரும்பிழை. எந்த விசையில் எந்த எழுத்தை வைத்து எழுதினர் என்பதற்கு அவையே சான்று. புதுமை மெருகு விற்பனைக்கு உதவும். பழஞ்சுவடு ஆய்வுக்கு உதவும். ஐயம் நேரின் சுவட்டைக் காத்தலே நம் கடமை.

7. இரு மறுப்புகள்

இப்பணிக்கு எதிராக எழும் மறுப்புகள் இரண்டு. கோப்புகளைப் படியெடுத்துவிட்டால் பொறி எதற்கு என்பது முதலாவது. பழங்கணினியைப் போன்றே செயற்படும் பாவனை மென்பொருள்கள் உள்ளன. அவை போதும் என்பர். பெரும்பான்மைக்கு அவை போதும் என்பதை நாமும் ஏற்கின்றோம். ஆனால் பாவனை சரியானதா என்று ஒப்பிட்டறிய ஒரு மூலப்பொறியேனும் வேண்டும். இங்கிலாந்தின் பிளெட்சிலி பூங்காவில், போர்க்காலக் கொலோசஸ் கணினியை மீண்டும் உருவாக்கும் பணி 1993இல் டோனி சேல் தலைமையில் தொடங்கியது. போருக்குப் பின் பொறிகள் பிரிக்கப்பட்டு வரைபடங்களும் எரிக்கப்பட்டமையால், எஞ்சிய சில நிழற்படங்களையும் முதிய பொறியாளர்களின் நினைவையும் துணைக்கொண்டு உழைத்தனர். முழுமை பெற ஏறக்குறைய 14 ஆண்டுகள் ஆயின. அழிக்க ஒரு நாள். மீட்க ஒரு தலைமுறை. தமிழின் முதற் கணினிகளைச் செய்தோரும் பயன்படுத்தியோரும் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் நினைவு தெளிவாயிருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்தல் எளிது.

இடமும் பணமும் எங்கே, மின்கழிவு நச்சல்லவா என்பது இரண்டாம் மறுப்பு. இதில் உண்மை உண்டு. மின்கழிவு நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டுப்பாட்டுக்குட்பட்ட கழிவு. அதனை முறைப்படியே ஒப்படைக்க வேண்டும். எல்லாப் பழங்கணினியையும் காத்தல் இயலாது, தேவையுமில்லை. ஒரே வகையில் ஆயிரக்கணக்கில் உலகெங்கும் உள்ள பொறியை உலகம் காத்துக்கொள்ளும். நாம் காக்க வேண்டியவை தமிழ்ச்சுவடு படிந்தவை: தமிழ்ச் சில்லோ அட்டையோ பொருத்தப்பட்டவை, தமிழ் மென்பொருள் ஏற்றப்பட்டவை, ஒரு தோட்டம், பள்ளி, அச்சகம், ஆலயம் ஆகியவற்றின் எழுத்துப்பணிக்குப் பயன்பட்டவை. இவ்வளவுகோலால் அளந்தால் ஓர் அலமாரியே போதும்.

8. பேராக் செய்யத்தக்கது

பழம்பொறியைப் போற்றும் மரபு பேராக்குக்குப் புதிதன்று. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்ட ஈயத் தூர்கப்பல் ஏறத்தாழ 4,500 டன் எடையுடையது. 1980களின் தொடக்கத்தில் அதன் பணி நின்றது. துருப்பிடித்து மூழ்காமல் அதனைக் காத்து, இன்று மாணவர் ஏறிப் பார்க்கும் காட்சிக்கூடமாக்கியுள்ளனர். ஈப்போ நகரிலோ ஈயச் சுரங்க முதலாளிகள் கூடிய பழைய மன்றமும் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. அத்துணைப் பெரும்பொருளைக் காத்த மாநிலத்தில், மேசைமேல் அடங்கும் ஒரு பொறியைக் காத்தல் இயலாத செயலன்று.

பள்ளிகள் தொடங்கத்தக்க முதற்பணி கணக்கெடுப்பு. தம் பண்டக அறையிலும், பழைய மாணவர் இல்லங்களிலும், ஊரின் அச்சகத்திலும் உள்ள தட்டச்சுப் பொறி, கணினி, நெகிழ்வட்டு, கையேடு ஆகியவற்றைப் பட்டியலிடுதல் மாணவர் கழகமே செய்யக்கூடிய வேலை. பொறிகளைவிடக் கையேடுகளும் எழுத்துரு அட்டவணைகளும் விரைவில் தொலைகின்றன. அவற்றை முதலில் தேடுதல் நன்று. ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையிலும் அத்தகைய தாள்கள் கண்ணில் படலாம். அடுத்து, அவற்றைக் கையாண்ட தட்டச்சர், ஆசிரியர், அச்சுக்கோப்பாளர் ஆகியோரை நேர்கண்டு குரலைப் பதிவு செய்யலாம். படியெடுத்தலையும் குறியேற்ற மாற்றத்தையும் உயர்கல்வி நிறுவனங்களின் துணையோடு செய்தல் பொருந்தும். தஞ்சோங் மாலிமில் ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகமும், கம்பாரில் அறிவியல் பயிற்றும் பல்கலைக்கழகமும் நம் மாநிலத்திலேயே உள்ளன.

மாற்றப்பட்ட எழுத்து மறுபடி வாழும் என்பதற்குச் சான்றும் உண்டு. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை மின்னூலாக்கியது. தொடக்க காலத்தில் பழைய குறியேற்றங்களில் அமைந்த அந்நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. அவ்வுழைப்பு நிகழாதிருப்பின், அவையும் இன்று படிக்க இயலாத எண்குவியல்களாக இருந்திருக்கும். சங்க நூல்களுக்கு அத்தகைய காவலர்கள் கிடைத்தனர். ஒரு தோட்டப் பள்ளியின் ஆண்டு மலருக்கு அப்பள்ளியின் பழைய மாணவரையன்றி வேறு காவலர் யார்?

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இதில் பயனுண்டு. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் வகுத்த விதியைத் தட்டச்சுப் பொறி எவ்வாறு நிறைவேற்றியது, உயிர்மெய் என்பது ஓர் எழுத்தா இரண்டின் கூட்டா என்ற வினாவுக்குக் குறியேற்றங்கள் என்ன விடை கூறின என்பனவெல்லாம் வகுப்பறையில் பொறியை வைத்து விளக்கத்தக்கவை. இலக்கணம், வரலாறு, அறிவியல் மூன்றும் ஒரே மேசையில் கூடும் வாய்ப்பு எளிதில் அமைவதன்று.

பழங்கணினியைச் சேகரிப்பவர் அதனை இயக்கி, திரை ஒளிர்வது கண்டு மகிழ்கின்றார். அம்மகிழ்ச்சி நமக்கும் உரியதாகட்டும். நம் மகிழ்ச்சி, திரையில் மீண்டும் தோன்றும் தமிழ் வரிகளைப் படித்து, எழுதியவர் யார், எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டில் எழுதினார் என்று கேட்பதிலும் நிறைவு பெற வேண்டும். அவ்வரிகளைத் தாங்கிய வட்டுகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சிறிது சிறிதாக மங்கிக்கொண்டிருக்கின்றன. ஆகவே கணக்கெடுப்பை வரும் பள்ளித் தவணைக்கு ஒத்திவையாமல், இந்தத் தவணையிலேயே தொடங்குமாறு ஆசிரியர்களையும் மாணவர்களையும் கேட்டுக்கொள்கின்றோம்.